மோட்சத்தில் சலிப்பு உண்டாகுமா?



ஞாயிறுதோறும் பூசையில் விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லி முடிக்கும்போது, நித்திய ஜீவியத்தை விசுவசிப்பதாக நாம் அனைவரும் அறிக்கையிடுகிறோம். வாய் அதைச் சொல்லுகிறது. ஆனால் மனம் அதை விரும்புகிறதா? இந்தக் கேள்வியை நாம் நம்மிடமே கேட்பதில்லை. கேட்டால் விசுவாசக் குறைவாகிவிடுமோ என்று அஞ்சுகிறோம். அஞ்ச வேண்டியதில்லை. கேட்க வேண்டிய கேள்வியைக் கேளாமல் விடுவதுதான் விசுவாசத்தை உள்ளே அரித்துவிடும்.

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் மூன்று விதம். முதலாவது, ஞானோபதேச வகுப்பிலுள்ள சிறுவன்: “சாமி, அரை மணிப் பிரசங்கத்துக்கே கால் கடுக்கிறதே. மோட்சத்தில் முடிவே இல்லாமல் பாடிக்கொண்டே இருக்க வேண்டுமா?” இரண்டாவது, எண்பது வயதைத் தாண்டி, கண் மங்கி, திண்ணையில் அமர்ந்திருக்கும் பாட்டி: “போதும் சாமி, இருந்தது போதும்.” அவளிடம் போய், ‘உன் ஜீவியத்துக்கு முடிவே இல்லை’ என்றால் அது ஆறுதலாகுமா, தண்டனையாகத் தோன்றுமா? மூன்றாவது, நாலும் படித்த வாலிபன்: “எதுவும் முடிவில்லாமல் நீண்டால் அலுத்துப்போகும். மரணம் இருப்பதால்தான் வாழ்வுக்கே சுவை.”

மூவருக்கும் மறுமொழி சொல்லியாக வேண்டும். இன்றைய பாடம் அதுவே.

1. சாகாதிருப்பது வரமா?

முதலில் வாலிபனுடைய நியாயத்தை எடுத்துக்கொள்வோம். அவன் பக்கம் பலமான சாட்சிகள் உண்டு.

ஆங்கில எழுத்தாளர் ஜோனத்தன் ஸ்விப்ட் 1726-ல் வெளியிட்ட ‘கலிவரின் பயணங்கள்’ என்னும் நூலில், சாவே இல்லாத ஒரு கூட்டத்தாரைக் காட்டுகிறார். அவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டவுடன் கலிவர் ஆனந்தக் கூத்தாடுகிறான். நேரில் கண்டதும் நடுங்கிப்போகிறான். ஏனெனில் அவர்களுக்குச் சாவு இல்லையே தவிர, மூப்பு உண்டு. பல் விழுந்து, நினைவு தப்பி, எரிச்சலும் பொறாமையுமாய் அவர்கள் இழுத்துக்கொண்டு கிடக்கிறார்கள். பிறர் சாவைக் கண்டு பெருமூச்சு விடுகிறார்கள்.

மூப்பு இல்லாவிட்டால்? அதற்கும் ஒரு கதை உண்டு. செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாப்பெக்கின் ‘மக்ரோபுலோஸ் விவகாரம்’ என்னும் நாடகம் 1922-ல் வெளிவந்தது. இரண்டாம் ருடால்ப் சக்கரவர்த்தியின் அரண்மனை வைத்தியர் ஆயுளை நீட்டும் மருந்து ஒன்றைச் செய்து, அதைத் தம் பதினாறு வயது மகளுக்குக் கொடுக்கிறார். அவள் முந்நூறு வருஷங்களுக்கு மேல் அழகு குன்றாமல் வாழ்கிறாள். ஊர் மாற்றி, பெயர் மாற்றி, உலகம் வியக்கும் பாடகியாகிறாள். ஆனால் அவள் உள்ளம் உறைந்துபோகிறது. யார் அழுதாலும் அவளுக்கு ஒன்றுதான். யார் சிரித்தாலும் ஒன்றுதான். மருந்தின் பலம் தீரும் வேளையில், மறுபடியும் முந்நூறு வருஷம் தரக்கூடிய அந்தக் குறிப்புச் சீட்டு அவள் கைக்கு வருகிறது. அப்போது அது அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. கடைசியில் ஓர் இளம்பெண் அதை நெருப்பிலிடுகிறாள்.

பெர்னார்டு வில்லியம்ஸ் என்னும் ஆங்கிலத் தத்துவ ஆசிரியர் இந்தக் கதையை எடுத்துக்கொண்டு 1973-ல் ஒரு கட்டுரை எழுதினார். அவருடைய வாதத்தின் சாரம் இது: ஒரு மனிதன் தன் குணமும் விருப்பங்களும் மாறாமல் என்றென்றும் வாழ்ந்தால், அவனுக்கு நேரக்கூடியதெல்லாம் ஒரு நாள் நேர்ந்து முடிந்துவிடும், பிறகு மிஞ்சுவது சலிப்பே. அப்படியின்றி அவன் முற்றிலும் மாறிப்போனால், வாழ்வது அவன் அல்ல, வேறொருவன். இரண்டில் எதுவானாலும் சாகா வாழ்வு விரும்பத்தக்கதன்று என்பது அவர் முடிவு.

கதைகளை விட்டு, நடந்த ஒன்றையும் பார்ப்போம். பதிவான ஆயுட்காலங்களில் மிக நீண்டது பிரான்ஸ் தேசத்து ழான் கல்மான் அம்மையாருடையது. 122 வருஷமும் 164 நாளும் வாழ்ந்து 1997-ல் மரித்தார். அவருடைய ஒரே மகள் 1934-ல் இறந்தாள். கணவர் 1942-ல் இறந்தார். ஒரே பேரன் 1963-ல் மோட்டார் விபத்தில் மாண்டான். அதன் பின்னும் அவர் முப்பத்து நான்கு வருஷம் உயிரோடிருந்தார். அவர் நகைச்சுவை மிக்கவர் என்று பெயர் பெற்றவர்தான். ஆயினும், பெற்ற பிள்ளையையும் பேரனையும் புதைத்துவிட்டு நீளும் நாட்களை, ‘இன்னும் வேண்டும், முடிவில்லாமல் வேண்டும்’ என்று கேட்பவர் நம்மில் எத்தனை பேர்?

2. திருச்சபை இதை மறுக்கிறதா?

இல்லை. இங்கேதான் வாலிபன் ஆச்சரியப்படுவான். அவன் சொல்வதை நமது பிதாப்பிதாக்கள் அவனுக்கு முன்பே சொல்லிவிட்டார்கள்.

மிலான் நகர் மேற்றிராணியாரான அர்ச். அம்புரோசியார், 4-ம் நூற்றாண்டில் தம் அருமைச் சகோதரர் சாத்தீருஸ் இறந்தபோது நிகழ்த்திய பிரசங்கத்தில், மரணத்தை ஒரு மருந்தாகவே வர்ணிக்கிறார். மரணம் ஆதியில் சுபாவத்தில் இருந்ததல்ல. ஆனால் பாவத்தினால் மனித வாழ்வு ஓயாத உழைப்பும் கண்ணீருமாய்ப் போனபின், அந்தத் துயரத்துக்கு ஒரு முடிவு தேவைப்பட்டது. தேவ இஷ்டப்பிரசாதம் இல்லாத சாகாமை நன்மையாய் இராமல் சுமையாகவே இருக்கும் என்பது அவர் போதனை. தம் சொந்தச் சகோதரனை இழந்த துயரில் அவர் இப்படிப் பேசினார் என்பதை மறக்க வேண்டாம்.

அவருக்கும் முந்தியவரான அர்ச். இரேனேயுஸ், ஆதித்தாய் தந்தையர் சிங்காரத் தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டதற்கும் இதே பொருளைக் காண்கிறார். ஜீவிய விருட்சத்தின் வழியைச் சர்வேசுரன் அடைத்தது பொறாமையால் அன்று, இரக்கத்தால். மனிதன் பாவியாகவே முடிவின்றி நீடித்துவிடக் கூடாதென்றே அப்படிச் செய்தார் என்கிறார்.

பாப்பரசர் 16-ம் ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்), 2007-ம் வருஷம் நவம்பர் 30-ந் தேதியிட்ட ‘ஸ்பே சால்வி’ என்னும் சுற்றுமடலில் இந்தக் கேள்வியை ஒளிக்காமல் கேட்டிருக்கிறார். நாம் உண்மையிலேயே நித்தியமாய் வாழ விரும்புகிறோமா? இக்காலத்தில் அநேகருக்கு இப்போதைய வாழ்வுதான் வேண்டும். அதுவே முடிவின்றி நீள்வது வரமாக அல்ல, சாபமாகத் தோன்றுகிறது என்று அவர் ஒப்புக்கொள்ளுகிறார்.

ஆகையால் திண்ணையிலிருக்கும் பாட்டி தைரியமாயிருக்கட்டும். ‘இருந்தது போதும்’ என்று அவள் சொல்வது நித்திய ஜீவியத்துக்கு விரோதமல்ல. இந்த நோயும் இந்தத் தனிமையும் இப்படியே நீள்வதை சர்வேசுரனும் அவளுக்கு வாக்களிக்கவில்லை. நித்திய ஜீவியம் என்பது இந்த வாழ்வின் நீட்சி அன்று. அப்படியானால் அது யாது?

3. நித்தியம் நீண்ட காலம் அல்ல

நித்தியம் என்றதும் நாம் வருஷங்களை அடுக்கத் தொடங்குகிறோம். ஆயிரம், லட்சம், கோடி என்று அடுக்க அடுக்க மனம் களைக்கிறது. இந்தக் கணக்கே தவறு.

ரோமாபுரி அறிஞர் போயேசியுஸ் 6-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மரண தண்டனையை எதிர்நோக்கிச் சிறையிலிருந்தபடி எழுதிய நூலில், நித்தியத்துக்கு இலக்கணம் கூறினார். அதன் கருத்து: எல்லையற்ற ஜீவியத்தைச் சிறிது சிறிதாய் அன்று, முழுவதும் ஒருங்கே குறைவறப் பெற்றிருப்பதே நித்தியம். இது சர்வேசுரனுக்கே முழுமையாய்ப் பொருந்தும். மோட்சவாசிகள் அவரைத் தரிசிப்பதால் அதில் பங்கடைகிறார்கள் என்று அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் விளக்குகிறார்.

இது நமக்கு எட்டாத காரியமாய்த் தோன்றலாம். ஆனால் அதன் சாயல் நம் வாழ்விலேயே உண்டு. சலிப்பு வந்தவன் என்ன செய்கிறான்? கடிகாரத்தைப் பார்க்கிறான். மகிழ்ச்சியில் திளைப்பவன் கடிகாரத்தை மறக்கிறான். வெளியூரிலிருந்து பல வருஷம் கழித்து வந்த மகனோடு தாய் பேசிக்கொண்டிருக்கையில், விளக்கில் எண்ணெய் வற்றியதும் தெரியாது. கோழி கூவியதும் தெரியாது. அங்கே நேரம் நீளவில்லை, நிறைந்தது. அந்த நிறைவு ஓர் இரவில் தீர்ந்துபோகிறது. தீராத நிறைவு ஒன்று உண்டு என்பதே நம் விசுவாசம். அளவற்ற சிநேகமாகிய சமுத்திரத்தில் மூழ்குவது போன்றது, அங்கே முன்பு பின்பு என்பது இல்லை என்று மேற்சொன்ன சுற்றுமடல் அதை உவமிக்கிறது.

4. பழகப் பழகப் பாலும் புளிக்குமே?

இப்போது வாலிபன், “சாமி, நிறைந்த பிறகுதான் தெவிட்டும்” என்பான். பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பது நம் பழமொழி. இது பாலுக்குச் சரி. பலாப்பழத்துக்கும் சரி, முதற்சுளை தேன், பத்தாம் சுளை திகட்டல்.

பெரிய அர்ச். கிரகோரியார், 590 முதல் 604 வரை பாப்பரசராய் இருந்தவர், பெரிய விருந்தின் உவமையைப் பற்றிப் பிரசங்கிக்கையில் ஒரு வேறுபாட்டைக் காட்டுகிறார். சரீர இன்பம் கையில் இல்லாதபோது ஆசையை மூட்டும். கைக்கு வந்து வயிறு நிறைந்ததும் வெறுப்பாகும். ஞான இன்பமோ நேர்மாறானது. அது இல்லாதபோது அதன்மேல் ஆசை பிறப்பதில்லை, வெறுப்புக்கூட உண்டாகும். சுவைத்த பிறகுதான் ஆசை வளரும். சுவைக்கச் சுவைக்கப் பசி கூடும். விருந்துக்கு அழைக்கப்பட்டவர்கள் வயலையும் மாடுகளையும் சாக்குச் சொல்லிப் போனதற்குக் காரணம் இதுவே. அவர்கள் இன்னும் ருசி பார்க்கவில்லை.

அர்ச். தோமாஸ் இன்னும் ஆழமான காரணம் சொல்லுகிறார். எந்தப் பொருளை நாம் வியப்போடு பார்க்கிறோமோ அது நமக்குச் சலிப்புத் தராது. ஒரு பொருளை முழுவதும் அறிந்து தீர்த்துவிட்டால் வியப்பு ஒழியும், சலிப்பு தொடங்கும். சர்வேசுரனையோ மோட்சவாசிகள் நேருக்கு நேர் காண்கிறார்கள், ஆனால் எந்தச் சிருஷ்டியும் அவரை முழுவதும் அளந்து தீர்த்துவிட முடியாது. ஆகவே அங்கே வியப்பு ஒழிவதில்லை. நீஸா நகர் அர்ச். கிரகோரியார் இதையே ஒரு யாத்திரையாக வர்ணிக்கிறார்: ஆத்துமம் எவ்வளவு பெற்றாலும், பெற்றதே அதை விரிவாக்கி இன்னும் பெறத் தகுதியாக்கும், வளர்ச்சிக்கு எல்லை கிடையாது.

வில்லியம்ஸ் ஆசிரியரின் முதல் வாதம் இங்கே தளர்கிறது. முந்நூறு வருஷத்தில் அந்தப் பாடகி கண்டு தீர்த்தது எதை? ஊர்களை, மேடைகளை, புகழை, காதலர்களை. இவையெல்லாம் எல்லையுள்ளவை, எல்லையுள்ளது தீரத்தான் தீரும். எல்லையற்ற நன்மை ஒன்று இல்லை என்றால் அவர் சொல்வது சரியே. அது உண்டு என்றால், அவர் வாதம் அதைத் தொடவில்லை.

பழைய தப்பறை ஒன்றையும் இங்கே அறிவது நல்லது. ஓரிஜன் என்னும் பேரறிஞரின் பெயரால் வழங்கிய போதனை ஒன்றில், ஆதியில் ஆவிகள் தேவதரிசனத்தில் தெவிட்டுதலடைந்தே கீழே விழுந்தன என்று சொல்லப்பட்டது. மோட்சத்தில் சலிப்பு உண்டு என்று சொல்வதற்கு இது ஒப்பாகும். 543-ல் கொன்ஸ்தாந்தினோப்பிளில் இந்தப் போதனை கண்டிக்கப்பட்டது. 1336-ல் பாப்பரசர் 12-ம் ஆசீர்வாதப்பர், சுத்திகரம் பெற்ற ஆத்துமங்கள் தேவ சுபாவத்தை நேருக்கு நேர் தரிசிக்கின்றன என்றும், அந்தத் தரிசனம் இடையறாமல் என்றென்றும் நிலைக்கும் என்றும் விசுவாச சத்தியமாய் அறிவித்தார்.

5. அங்கே இருப்பது நான்தானா?

இரண்டாம் வாதம் மிஞ்சுகிறது: மாறிப்போனால் அது நான் அல்லவே?

உயிர்த்தெழுந்த சேசுநாதரைப் பாருங்கள். அடைத்த கதவுகளுக்குள்ளே வருகிறார். இனி மரணம் அவரை ஆளாது. அவ்வளவு மகிமையான சரீரத்திலும் ஆணித் தழும்புகள் இருக்கின்றன. அவற்றைக் காட்டியே தோமையாரின் சந்தேகத்தைத் தீர்த்தார். மரிய மதலேனம்மாள் அவரைத் தோட்டக்காரர் என்று நினைத்து நின்றாள். தன் பெயரை அவர் வாயால் கேட்டதும் கண்டுகொண்டாள். மகிமை அவரை வேறொருவராக்கவில்லை. அன்பும் நினைவும் தழும்பும் அப்படியே இருந்தன.

சரீர உத்தானத்தை நாம் விசுவசிப்பதன் பொருள் இதுதான். தேவ இஷ்டப்பிரசாதம் சுபாவத்தை அழிப்பதில்லை, நிறைவாக்குகிறது. தொட்டிலில் கிடந்த குழந்தையும் இன்று வயல் உழுகிறவனும் ஒருவனே. வளர்ந்ததால் அவன் தொலைந்துபோகவில்லை. மோட்சத்திலும் உங்கள் தாய் உங்கள் தாயே. கல்லறைத் திருநாளில் மெழுகுதிரி ஏற்றி அழும் விதவையே, நீ தேடுகிற முகத்தை யாரும் அழித்துவிடவில்லை. நீண்ட ஆயுள் ழான் கல்மான் அம்மையாரை அவர் மகளிடமிருந்து விலக்கிக்கொண்டே போயிற்று. நித்திய ஜீவியமோ பிரிந்தவர்களைச் சேர்ப்பது. அர்ச்சியசிஷ்டவர்களின் சமூதீதப் பிரயோசனம் என்று நாம் சொல்லுவது இதையே.

6. இளைப்பாற்றி என்றால் சும்மா இருத்தலா?

மரித்தோருக்காக நாம் நித்திய இளைப்பாற்றியை மன்றாடுகிறோம். இதைக் கேட்டுச் சிலர், மோட்சம் என்பது கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்று எண்ணிவிடுகிறார்கள். இளைப்பாற்றி என்பது துன்பத்திலிருந்து ஓய்வு. அன்பிலிருந்து ஓய்வு அல்ல.

லிசியே நகர் அர்ச். தெரேசம்மாள், நமது சிறுமலர், 1897-ல் இருபத்து நான்காம் வயதில் காசநோயால் மரித்தார். மரணப் படுக்கையில் அவர் வெளியிட்ட ஆசை என்ன? தமது மோட்சத்தைப் பூமியில் நன்மை செய்வதிலேயே கழிக்க வேண்டும் என்பது. ஓய்வைத் தேடியவளின் பேச்சா இது? வேலையைத் தொடங்கப்போகிறவளின் பேச்சன்றோ!

சிறுவனே, உனக்கும் அவரே மறுமொழி தருகிறார். தியான வேளையில் அவர் தூங்கிவிடுவது உண்டு. அதற்காக அவர் மனமுடைந்து போகவில்லை. பிள்ளைகள் விழித்திருந்தாலும் தூங்கினாலும் பெற்றோருக்குப் பிரியமானவர்களே என்று எண்ணித் தேறினார். ஆகவே பிரசங்கத்தில் கால் கடுத்தால் மோட்சத்துக்கு நீ தகுதியற்றவன் என்று நினைக்காதே. களைப்பு வேறு, அன்பில்லாமை வேறு. மோட்சம் முடிவில்லாத பிரசங்கமும் அல்ல. சேசுநாதர் அதைக் கலியாண விருந்துக்கே ஒப்பிட்டார்.

7. நாம் அஞ்ச வேண்டியது எதற்கு?

ஆனால் நாம் உண்மையாகவே அஞ்ச வேண்டிய காரியம் ஒன்று உண்டு. 2019-ல் அர்ச்சியசிஷ்டவராக உயர்த்தப்பட்ட கர்தினால் நியூமன், தாம் கத்தோலிக்கராவதற்குப் பல வருஷங்களுக்கு முன்பே செய்த பிரசங்கம் ஒன்றில் அதைச் சொல்லியிருக்கிறார். பரிசுத்தத்தில் பிரியமில்லாத மனிதனை மோட்சத்துக்குள் விட்டாலும், அவன் அங்கே மகிழ மாட்டான். அவனுக்கு அதுவே நரகமாயிருக்கும் என்பது அவர் கருத்து. அவன் தேடுகிற ஒன்றும் அங்கே இல்லை. அங்கே இருக்கிற ஒன்றும் அவனுக்குப் பிடிக்கவில்லை.

ஐம்பது வருஷம் கூடி வாழ்ந்த இரண்டு தம்பதிகளை நினைத்துப் பாருங்கள். ஒரு வீட்டில் கிழவனும் கிழவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருப்பதிலேயே மன நிறைவு காண்கிறார்கள். மற்ற வீட்டில் ஒருவர் மூச்சுச் சத்தமே மற்றவருக்குப் பாரம். வருஷக் கணக்கு இரண்டு வீட்டிலும் ஒன்றே. சலிப்பை உண்டாக்கியது காலம் அல்ல, அன்பு வற்றியதுதான். இது நித்தியத்துக்கும் பொருந்தும். மக்ரோபுலோஸ் பாடகிக்கு முந்நூறு வருஷம் நீண்டுவிட்டதல்ல குறை. அத்தனை வருஷத்துக்குள் நேசிக்கும் சக்தி அவளுக்குள் செத்துவிட்டது.

ஆகையால் ‘மோட்சம் சலிக்குமா?’ என்ற கேள்வியை இனி இப்படித் திருப்பிக் கேளுங்கள்: ‘மோட்சம் சலிக்காத மனிதனாக நான் ஆகிக்கொண்டிருக்கிறேனா?’ பிதாவையும் அவர் அனுப்பிய குமாரனையும் அறிவதே நித்திய ஜீவியம் என்று சேசுநாதர் போதித்தார். அது செத்த பிறகு தொடங்குவதல்ல. ஞானஸ்நானத்திலேயே அதன் வித்து நம்முள் இடப்பட்டிருக்கிறது. பூசையிலும் திவ்விய நற்கருணையிலும் அது ஊட்டம் பெறுகிறது. அயலானிடம் பொறுமையாய் இருக்கும் ஒவ்வொரு நிமிஷமும் அதன் ருசியைக் கற்றுக்கொள்ளும் பாடம். இங்கே பிறர் சுகத்தில் மகிழக் கற்காதவன், கோடிக்கணக்கானோர் பிறர் சுகத்தில் மகிழும் இடத்தில் என்ன செய்வான்?

வீட்டில் கூடிப் பேசுவதற்கு

1. நீண்ட ஆயுளுக்கும் நித்திய ஜீவியத்துக்கும் உள்ள பேதம் என்ன?
2. அர்ச். தோமாஸ் சொல்லும் காரணத்தின்படி, மோட்சவாசிகளுக்குச் சலிப்பு உண்டாகாதது ஏன்?
3. உங்கள் வாழ்வில் நேரம் போவதே தெரியாமல் மகிழ்ந்த வேளை எது? அதில் அன்புக்கு என்ன பங்கு?

இவ்வாரப் பயிற்சி: உங்கள் தெருவில் தனிமையாயிருக்கும் முதியவர் ஒருவரைச் சந்தித்து, கடிகாரத்தைப் பாராமல் அவரோடு சிறிது நேரம் உட்கார்ந்திருங்கள். திரும்பும் வழியில், உங்கள் குடும்பத்தில் மரித்த ஒருவருக்காக ஒரு பரமண்டல மந்திரம் சொல்லுங்கள்.